பாடநூல் வரையாத இரண்டு கால்கள்

கல்லூரி இயற்பியல் பாடநூலில் இலக்க மின்னணுவியல் பற்றிய அத்தியாயத்தைப் புரட்டுங்கள். 7400 என்ற தொகுப்புச் சுற்றின் படம் தவறாமல் இருக்கும். நான்கு நேண்டு கேட்டுகள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே செல்லும் கம்பிகள் இரண்டு, வெளியே வருவது ஒன்று. ஆக மொத்தம் 12. ஆனால் கடையில் வாங்கி வரும் 7400-க்குக் கால்கள் 14. விடுபட்ட இரண்டும் எவை? 14-ஆம் கால் 5 வோல்ட்டு மின்னழுத்தத்தைப் பெறுவது. 7-ஆம் கால் தரையுடன் இணைவது. தருக்கப் படங்களில் இவ்விரண்டையும் வரையாமல் விடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். படம் தெளிவாக இருக்கட்டும் என்று ஏற்பட்ட வழக்கம்தான். அதில் குற்றம் காண நான் வரவில்லை. ஆனால் படத்தில் விட்டதைப் பற்றிப் பின்னால் ஒரு பக்கமாவது எழுத வேண்டுமல்லவா? நான் படித்த பாடநூல்களிலும், இப்போது வகுப்பில் எடுத்துச் செல்லும் நூல்களிலும் அந்தப் பக்கத்தைக் காணவில்லை. 5 வோல்ட்டு என்று ஓரிடத்தில் அச்சிட்டுவிட்டால் சுற்றின் எல்லா மூலைகளிலும், எல்லா நொடிகளிலும் அது 5 வோல்ட்டாகவே இருக்கும் என்பது அந்நூல்களின் நம்பிக்கை. மாணவரும் அதையே நம்பி வெளியேறுகிறார்.

இந்த நம்பிக்கை என்ன விலை கேட்கிறது என்பதற்கு என் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கொற்கை, பழையகாயல், ஆறுமுகநேரிப் பக்கமெல்லாம் உப்பளங்கள். உப்புநீரின் அடர்த்தியை அளக்க மிதவைமானியைப் போட்டு 'இத்தனை டிகிரி' என்று பார்ப்பார்கள். அப்பகுதியிலிருந்து வந்த மாணவி ஒருத்தி தன் இறுதியாண்டுத் திட்டப்பணியாக, மிதவையோடு ஒரு மாறுமின்தடையைப் பொருத்தி, நுண்கட்டுப்படுத்தி ஒன்றின் வழியாக அடர்த்தியை எண்ணாகக் காட்டும் கருவி செய்தாள். கருவி வேலை செய்தது. ஆனால் ஒரு விசித்திரம். "சார், எட்டு வந்தா மட்டும் குழம்புது" என்றாள். 17 என்று அமைதியாக நிற்கும். 18-க்கு வந்ததும் எண் நடுங்கும். சில வேளை கருவியே முதலிலிருந்து தொடங்கும். செய்முறைத் தேர்வுக்கு வந்தவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பற்றவைப்பு சரியில்லை என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தார். தனக்குச் சூட்டுக்கோல் பிடிக்கத் தெரியவில்லை என்று அவளும் நம்பிவிட்டாள். பற்றவைப்பில் ஒரு குறையும் இல்லை என்பதை நாங்கள் இருவரும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

எட்டு என்ற எண்ணில் என்ன மாயம்? ஏழு கோட்டு ஒளிக்காட்டியில் எல்லாக் கோடுகளும் எரிவது எட்டுக்கு மட்டுமே. ஒன்றுக்கு இரண்டு கோடுகள் போதும். ஒரு கோட்டுக்கு 12 மில்லி ஆம்பியர் என்றால் எட்டுக்கு 84 மில்லி ஆம்பியர். இந்த மின்னோட்டம் அளவெடுக்கும் பகுதியும் பயன்படுத்திய அதே மெல்லிய தரைக்கம்பி வழியாகத்தான் திரும்பிப் போனது. அக்கம்பியும் இணைப்பிகளும் சேர்ந்து கால் ஓம் மின்தடை. 84 மில்லி ஆம்பியரைக் கால் ஓமால் பெருக்கினால் 21 மில்லி வோல்ட்டு. அவளுடைய கருவி 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்து அளந்தது. ஒரு படி 5 மில்லி வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆக, எட்டு எரியும்போதெல்லாம் தரை நான்கு படி உயர்ந்துவிட்டது. எண் நடுங்காமல் என்ன செய்யும்?

அது பாதிக் கதை. கருவி தானே மறுபடி தொடங்கியதற்குக் காரணம் வேறு. அவள் பின்பற்றிய சுற்றுப்படத்தில் நான்கு மின்தேக்கிகள் இருந்தன. எல்லாத் தொழில்முறைப் படங்களிலும் உள்ளதுபோல, அவை பக்கத்தின் ஒரு மூலையில் வரிசையாக வரையப்பட்டிருந்தன. படத்தில் பார்த்தபடியே அவள் அந்த நான்கையும் பலகையின் மூலையில், மின்கம்பி நுழையும் இடத்தில், வரிசையாகப் பற்றவைத்திருந்தாள். மின்னியல் முறையில் படமும் பலகையும் ஒன்றே. ஒரு பிழையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மின்தேக்கிகள் இருக்க வேண்டியது ஒவ்வொரு தொகுப்புச் சுற்றின் காலடியில். ஏன் என்பதை எந்தப் பாடமும் அவளுக்குச் சொல்லவில்லை. அவற்றைக் கழற்றி நுண்கட்டுப்படுத்தியின் கால்களுக்கு அருகில் வைத்ததும் கருவி மறுபடி தொடங்குவது நின்றது. எண் நடுங்குவது நிற்கவில்லை. ஒளிக்காட்டிக்கு எனத் தனித் தரைக்கம்பி இழுத்த பிறகே அதுவும் அடங்கியது. இரண்டும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வெவ்வேறு. 'மின்தேக்கி போடு, சரியாகிவிடும்' என்று வாய்மொழியாக உலவும் வைத்தியம் இரண்டாவது நோய்க்கு உதவாது.

முதலில் எளிய நோயைப் பார்ப்போம். தாமிரபரணிப் பாசனத்தின் கடைசிப் பகுதியில் இருக்கும் கொற்கைக்காரர்களுக்குக் 'கடைமடை' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. கால்வாயின் தலைப்பில் உள்ள வயலுக்குத் தண்ணீர் தாராளம். வழியில் ஒவ்வொருவரும் மடை திறக்கத் திறக்கக் கடைசி வயலில் மட்டம் தாழ்கிறது. சில்லுக்குள் ஓடும் மின்வழங்கு கம்பியும் இப்படியே. 1 மைக்ரான் தடிப்பும் 20 மைக்ரான் அகலமும் 5 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அலுமினியப் பட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்நிலைப் பள்ளியில் படித்த மின்தடைச் சூத்திரத்தில் இட்டால் சுமார் 7 ஓம் வரும். சில்லின் நீளம் நெடுகச் சமமாக 10 மில்லி ஆம்பியரை உறிஞ்சுவதாகக் கொண்டால், கடைமடையில் உள்ள டிரான்சிஸ்டர் சுமார் 34 மில்லி வோல்ட்டை இழக்கிறது. முழு மின்னோட்டமும் கடைசிவரை செல்லாததால் இழப்பு முழுப் பெருக்குத்தொகையில் பாதி.

இப்போது ஒரு கேள்வி. பட்டையை அகலப்படுத்தாமல், கூடுதல் உலோகம் ஒரு துளியும் சேர்க்காமல், அந்த இழப்பைக் கால் பங்காக்க முடியுமா? முடியும். இரு முனைகளிலிருந்தும் மின்சாரத்தை விடுங்கள். அப்போது ஒவ்வொரு முனையும் பாதி நீளத்துக்குப் பாதி மின்னோட்டத்தை மட்டும் தரும். நீளம் பாதி, மின்னோட்டம் பாதி, இழப்பு கால். 34 மில்லி வோல்ட்டு எட்டரையாகக் குறைகிறது. பெரிய சில்லுகளில் மின்கால்கள் நான்கு புறமும் இருப்பதும், இன்றைய சில்லுகளில் அடிப்பரப்பு முழுவதும் நூற்றுக்கணக்கான ஈய மணிகள்போல் இணைப்புகள் பரவியிருப்பதும் இக்கணக்கின் விளைவே. இது இளநிலைப் பட்ட மாணவர் ஐந்து நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு. இந்தக் கணக்கைக் கேட்கும் ஒரு வினாத்தாளை நான் இன்னும் பார்க்கவில்லை. மீட்டர் பாலத்தைப் பற்றி மட்டும் ஆண்டுதோறும் கேட்கிறோம்.

இரண்டாவது நோய் சற்றுச் சிக்கலானது, சுவையானதும் கூட. நீண்ட கால்வாயில் மடையைத் திறந்தவுடன் தண்ணீர் பாய்ந்துவிடாது. நின்றிருக்கும் நீர் அசையத் தொடங்க நேரமாகும். ஓடும் நீரை வெடுக்கென்று அடைத்தாலும் அது நிற்க மறுத்து மோதும். மின்னோட்டத்தின் இக்குணத்தைத் தன்மின்தூண்டல் என்று படிக்கிறோம். படிப்பது கம்பிச்சுருளைப் பற்றித்தான். நேரான கம்பிக்கும் அது உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். ஒரு சென்டிமீட்டர் கம்பிக்குச் சுமார் 10 நானோஹென்றி. கேட்பதற்கு ஒன்றுமில்லை போல் தோன்றும் எண்.

எட்டு வெளியீடுகள் கொண்ட ஒரு வேகமான தொகுப்புச் சுற்றை எடுத்துக்கொள்வோம். எட்டும் ஒரே கணத்தில் 5 வோல்ட்டிலிருந்து பூச்சியத்துக்கு இறங்குகின்றன. ஒவ்வொன்றிலும் 50 பைக்கோஃபாரடு சுமை. இறங்கும் நேரம் 3 நானோ வினாடி. வெளியேற வேண்டிய மின்னூட்டத்தை நேரத்தால் வகுத்தால் ஒன்றுக்கு 83 மில்லி ஆம்பியர், எட்டுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு ஆம்பியர். இது 2 நானோ வினாடியில் எழுகிறது என்று கொண்டு, தரைக்காலின் 10 நானோஹென்றியால் பெருக்கினால் 3.3 வோல்ட்டு. அதாவது சில்லின் உள்ளே 'தரை' என்று நாம் பெயரிட்ட இடம் உண்மையான தரையைவிட 3.3 வோல்ட்டு மேலே குதிக்க வேண்டும்.

அப்படிக் குதிப்பதில்லை. இங்கே கணக்குப் போடுகிறவரும் விமர்சனத்துக்கு உரியவர். தரை மேலே எழும்போது டிரான்சிஸ்டரை இயக்கும் மின்னழுத்தமே குறைந்துவிடுகிறது. மின்னோட்டம் தானாகத் தணிகிறது. சூத்திரம் இந்த எதிர்வினையைக் கணக்கில் கொள்ளவில்லை. ஆகவே கைக்கணக்கு எப்போதும் மிகைப்படுத்தும். ஆனால் தணிந்த பின்னும் மிஞ்சுவது ஒரு வோல்ட்டைத் தாண்டிவிடலாம். 7400 குடும்பத்துச் சுற்றுகள் 0.8 வோல்ட்டு வரையே பூச்சியம் என்று ஏற்கும். வெளியீடோ அமைதியான நிலையிலேயே 0.4 வரை இருக்கலாம். ஆக, பிழையின்றித் தாங்கும் இடைவெளி வெறும் 0.4 வோல்ட்டு. அசையாமல் பூச்சியத்தில் நின்றிருந்த ஒன்பதாவது கம்பி ஒன்று இருந்தால், அதுவும் தரையோடு சேர்ந்து குதித்து, அடுத்த சில்லுக்கு ஒன்று என்று பொய் சொல்லும்.

இதைத் தயாரிப்பாளர்கள் அறியாதவர்கள் அல்லர். 7400 வரிசையில் மின்காலும் தரைக்காலும் எதிரெதிர் மூலைகளில் இருக்கின்றன. நீள்சதுர உறையில் மூலைக்காலுக்குத்தான் உள்கம்பி மிக நீளம். எனவே மின்தூண்டலும் மிக அதிகம். மிகக் குறைந்த மின்தூண்டல் வேண்டிய இரண்டு கால்களுக்கு மிக மோசமான இரண்டு இடங்களைக் கொடுத்திருந்தார்கள்! 1960-களின் மெதுவான சுற்றுகளுக்கு அது போதுமானதாக இருந்தது. 1980-களின் நடுவில் வேகமான சீமாஸ் தருக்கச் சுற்றுகள் வந்தபோது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் அவ்விரு கால்களையும் உறையின் நடுவுக்கு மாற்றி, எண்ணிக்கையையும் கூட்டி, 74ஏசி11 என்று தொடங்கும் வரிசையை வெளியிட்டது. ஃபேர்சைல்டு போன்ற மற்றவர்கள் பழைய மூலைகளையே வைத்துக்கொண்டார்கள். இயற்பியல் ஒரு பக்கம், ஏற்கெனவே அச்சிட்டு வைத்த பலகைகள் மறுபக்கம். எது வென்றது தெரியுமா? இன்று கடையில் ஏசி வரிசையைக் கேட்டால் பெரும்பாலும் மூலைக்கால் வகைதான் கிடைக்கிறது. உறைகள் சிறிதானதும், வெளியீட்டின் வேகத்தைச் சற்று மட்டுப்படுத்தும் முறைகள் வந்ததும் அதற்கு உதவின.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றியும் குறை சொல்ல வேண்டும். இவை அனைத்தையும் 'மின்வழங்கல் இரைச்சல்' என்கிறோம். இரைச்சல் என்றதும் மாணவர் நினைவுக்கு வருவது மின்தடையில் எலெக்ட்ரான்களின் வெப்ப அலைச்சலால் உண்டாகும் ஒழுங்கற்ற இரைச்சல். அது யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதது. இதுவோ சில்லு தனக்குத் தானே செய்துகொள்வது. எந்தக் கட்டளை எப்போது நடக்கிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் ஏறி இறங்கும். மறுபடி அதே நிரலை ஓட்டினால் மறுபடி அதே அலைவடிவம். 1999-இல் பால் கோச்சர், ஜோஷுவா ஜாஃபே, பெஞ்சமின் ஜுன் ஆகிய மூவர், ஒரு சில்லு உறிஞ்சும் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பலமுறை அளந்து ஒப்பிட்டே அதனுள் இருக்கும் இரகசியத் திறவுகோலைக் கண்டுபிடித்துவிடலாம் என்று காட்டினார்கள். வெறும் இரைச்சலில் இரகசியம் ஒளிந்திருக்குமா? முன்கூட்டிக் கணக்கிடக்கூடிய ஒன்றுக்கு இரைச்சல் என்று பெயரிட்டதால், கணக்கிட வேண்டிய பொறுப்பிலிருந்து நாம் நழுவிக்கொள்கிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. தளும்பல் என்று சொல்லியிருக்கலாம்.

தளும்பலைக் குறைக்க என்ன வழி? கடைமடைக்காரர்கள் கண்ட வழிதான்: குளம். ஆற்றில் தண்ணீர் வரும்போது நிரப்பிக்கொண்டு, வேண்டும்போது பக்கத்திலேயே எடுத்துக்கொள்வது. மின்தேக்கி அந்தக் குளம். குளம் வயலுக்கு அருகில் இருந்தால்தான் பயன். ஊருக்கு அப்பால் இருந்தால் அதற்கும் ஒரு கால்வாய் வேண்டும். பழைய தொல்லை திரும்பிவரும். இந்தக் கடற்கரையில் முத்துக்குளிப்பு 1961-இல் கடைசியாக நடந்தபோது கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்களும் மேலே இருக்கும் காற்றை நம்பி இறங்கவில்லை. நெஞ்சில் நிரப்பிக்கொண்ட மூச்சை நம்பியே இறங்கினார்கள்.

'ஒவ்வொரு தொகுப்புச் சுற்றுக்கும் 0.1 மைக்ரோஃபாரடு' என்று செய்முறைக் கையேடுகள் சொல்லும் விதி இங்கிருந்து வந்தது. விதி நல்லதே. விதியைக் காரணமின்றிச் சொல்வதுதான் கெடுதல். கம்பிக்கால் உள்ள 0.1 மைக்ரோஃபாரடு மின்தேக்கியில் கால்களால் மட்டும் 5 நானோஹென்றி இருந்தால், அது சுமார் 7 மெகாஹெர்ட்சில் ஒத்ததிர்வு அடைகிறது. அதற்கு மேற்பட்ட அதிர்வெண்களில் அது மின்தேக்கியாக இல்லை, மின்தூண்டியாகவே நடந்துகொள்கிறது. பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டும் சிறுவகையில் மொத்த மின்தூண்டலை ஒரு நானோஹென்றியாகக் குறைக்கலாம். அப்போதும் எல்லை 16 மெகாஹெர்ட்சுதான். எல்லைக்கு அப்பால் 0.1-க்குப் பதில் 10 மைக்ரோஃபாரடு போட்டாலும் பெரிதாக மாறாது. குளத்தை ஆழப்படுத்திப் பயனில்லை; மடைதான் குறுகல். கால்களைச் சுருக்குவதும், பல மின்தேக்கிகளைப் பக்கம் பக்கமாக இணைப்பதுமே அங்கு பலன் தரும். என் மாணவி மூலையில் நட்ட நான்கும் ஏன் வீணாயின என்பதற்கு இதுவே விடை.

அதற்கும் மேற்பட்ட வேகத்தில் சில்லுக்கு வெளியே உள்ள எதுவும் உதவாது. குளத்தைச் சில்லுக்குள்ளேயே வெட்ட வேண்டியதுதான். 1992-இல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட ஆல்ஃபா 21064 என்ற செயலி இதற்குச் சிறந்த பாடம். அது 3.3 வோல்ட்டில் 200 மெகாஹெர்ட்சில் ஓடியது. ஒரு துடிப்பில் அது நிரப்பிக் காலி செய்யும் மொத்த மின்தேக்கம் சராசரியாக 12.5 நானோஃபாரடு. மின்னழுத்தத்தின் இருமடியாலும் அதிர்வெண்ணாலும் பெருக்கிப் பாருங்கள்: 27 வாட்டு. நிறுவனம் அறிவித்த 30 வாட்டுக்கு எவ்வளவு அருகில் வருகிறது! வடிவமைத்தவர்கள் சில்லுக்குள்ளேயே 128 நானோஃபாரடு, அதாவது பத்து மடங்கு, மின்தேக்கத்தை வைத்தார்கள். அதில் கணக்கு எதையும் செய்யும் டிரான்சிஸ்டர் ஒன்றுகூட இல்லை. வெளியிலிருந்து ஒரு துளியும் வராது என்று கொண்டாலும், 12.5-ஐ இரண்டின் கூட்டுத்தொகையான 140.5-ஆல் வகுத்தால் மின்னழுத்தம் 9 சதவீதம், அதாவது 0.3 வோல்ட்டு, மட்டுமே இறங்கும். இரண்டு பானைகளின் தண்ணீரை இணைக்கும் கணக்குதான். விலைமதிப்புள்ள சிலிக்கன் பரப்பை வெறும் குளத்துக்காக விட்டுக்கொடுத்த துணிவு பாராட்டுக்குரியது.

மதிப்பீட்டு முறைகளில் இன்று பெரிதும் வழங்குவது 'இலக்கு மின்னெதிர்ப்பு' என்ற முறை. 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த லாரி ஸ்மித்தும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய கட்டுரை இதைப் பரவலாக்கியது. ஏற்கத்தக்க தளும்பலை மின்னோட்ட மாற்றத்தால் வகுத்தால் மின்வழங்கு பாதையின் மின்னெதிர்ப்பு எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்பது கிடைக்கும். 1 வோல்ட்டில் 50 வாட்டு உறிஞ்சும் சில்லுக்கு 5 சதவீதம் தளும்பலாம் என்றால், 50 மில்லி வோல்ட்டை 50 ஆம்பியரால் வகுக்க, ஒரு மில்லி ஓம். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக்கம்பியில் ஆறு சென்டிமீட்டர் நீளத்தின் மின்தடை அது. மின்வழங்கி முதல் சில்லு வரை உள்ள எல்லாம் சேர்ந்து அவ்வளவுக்குள் அடங்க வேண்டும்!

இச்சூத்திரத்தைச் சற்றுத் திருப்பி எழுதினால் ஓர் உண்மை வெளிப்படுகிறது. அதே திறன், அதே சதவீதம் என்றால், இலக்கு மின்னெதிர்ப்பு மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 5 வோல்ட்டிலிருந்து 1 வோல்ட்டுக்கு இறங்கியபோது மின்னழுத்தம் ஐந்தில் ஒன்றானது. ஆனால் வேலை இருபத்தைந்து மடங்கு கடினமானது. இவ்வளவு எளிதாக இவ்வளவு பெரிய செய்தியைச் சொல்லும் சூத்திரங்கள் அரிது. இம்முறை ஏன் பரவியது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

ஆயினும் அதில் ஓர் ஆபத்து உண்டு. ஒரே எண்ணைக் கையில் கொடுத்துவிடுவதால், அதற்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்ற எண்ணம் வளர்கிறது. சில்லின் மின்தேக்கமும் உறையின் மின்தூண்டலும் சேர்ந்தால் ஓர் ஊஞ்சல். 100 நானோஃபாரடும் 10 பைக்கோஹென்றியும் என்றால் அதன் அதிர்வெண் சுமார் 160 மெகாஹெர்ட்சு. அந்த இடத்தில் மின்னெதிர்ப்பு கூம்பாக எழும்பி நிற்கும். 1 கிகாஹெர்ட்சில் ஓடும் செயலியில், மூன்று துடிப்பு கடும் வேலை, மூன்று துடிப்பு ஓய்வு என்று மாறி மாறி வரும் ஒரு நிரல் இருந்தால் அது ஏறக்குறைய அந்த அதிர்வெண்ணிலேயே ஊஞ்சலை ஆட்டுகிறது. ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதோடு சேரும். மொத்த மின்னோட்டம் அதிகமாக உள்ள நிரலைவிட, பாதி நேரம் சும்மா இருக்கும் இந்த நிரலே சில்லை அதிகம் தடுமாறச் செய்யும். மின்தேக்கிகளைக் கூட்டினால் கூம்பு இடம் மாறும், மறையாது. ஊஞ்சலின் ஆட்டத்தை உறிஞ்ச ஒரு சிறு மின்தடை வேண்டும். எல்லாவற்றையும் கூடிய மட்டும் மின்தடையின்றி அமை என்று கற்ற கைகளுக்கு இது தலைகீழ்ப் பாடம்.

இனி நம் நாட்டுச் சில்லுகளுக்கு வருவோம். 2018-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' செயலி வந்தபோதும், இஸ்ரோவும் சண்டிகர்ப் பகுதியிலுள்ள அரசின் குறைகடத்தி ஆய்வகமும் உருவாக்கிய 'விக்ரம் 3201' 2025-இல் வெளிச்சத்துக்கு வந்தபோதும் செய்தித்தாள்கள் கேட்ட கேள்வி ஒன்றே: எத்தனை நானோமீட்டர்? விக்ரம் 180 நானோமீட்டர் என்றதும், உலகம் மிகச் சிறிய அளவுகளுக்குப் போய்விட்டதே என்று சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். மேலே கண்ட இருமடிக் கணக்கைப் போட்டவர் அப்படிப் பிதுக்கமாட்டார். 180 நானோமீட்டர் தலைமுறையின் உள்மின்னழுத்தம் பொதுவாக 1.8 வோல்ட்டு; பத்து சதவீதம் என்பது 180 மில்லி வோல்ட்டு. மிகப் புதிய சில்லுகளில் உள்மின்னழுத்தம் 0.7 வோல்ட்டு அளவுக்கு இறங்கிவிட்டது. பத்து சதவீதம் 70 மில்லி வோல்ட்டு. அதே திறனுக்கு மின்வழங்கு பாதை ஆறரை மடங்கு கடினமாகிறது. அதிர்வும் கதிர்வீச்சும் வெப்ப மாற்றமும் உள்ள ஏவுகலத்தில், வேகத்தைவிடத் தடுமாறாமை முக்கியம். 2024 டிசம்பர் இறுதியில் பி.எஸ்.எல்.வி. சி60 பயணத்தில் விக்ரம் 3201 விண்வெளியில் சோதிக்கப்பட்டுத் தேறியது. பழைய தலைமுறை என்பது இங்கே குறையன்று; ஆலோசித்து எடுத்த முடிவு.

இன்னொன்று. கொற்கைக்குத் தெற்கே, இதே தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில், குலசேகரன்பட்டினத்தில் சிறு செயற்கைக்கோள் ஏவுகலங்களுக்கான தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதற்குப் பின் எங்கள் கல்லூரிக்கு வரும் பெற்றோர், "பிள்ளைக்கு அங்க வேலை கிடைக்குமா சார்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அங்கே மட்டுமல்ல, சில்லு வடிவமைப்பைச் சரிபார்க்கும் நிறுவனங்களிலும் கேட்கப்படுவது நேண்டு கேட்டின் உண்மைப் பட்டியல் அன்று. அதை எல்லோரும் ஒப்பிப்பார்கள். படத்தில் இல்லாத அந்த இரண்டு கால்களில் என்ன நடக்கிறது என்பதே அங்கே அன்றாட வேலை.

ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்து காட்டப் பெரிய செலவு இல்லை. எட்டு வெளியீடுள்ள 74ஏசி244 ஒன்று; ஏழு வெளியீடுகள் ஒருசேர மாறட்டும்; எட்டாவதைப் பூச்சியத்திலேயே நிறுத்திவிட்டு அதை மட்டும் ஆசிலாஸ்கோப்பில் பாருங்கள். பூச்சியம் குதிப்பது தெரியும். மின்கம்பியை 30 சென்டிமீட்டர் ஆக்கிப் பாருங்கள். மின்தேக்கியை முதலில் கம்பியின் தொலைமுனையிலும், பிறகு காலடியிலும் வைத்துப் பாருங்கள். ஆனால் அளக்கும் கருவியை நம்புவதிலும் எச்சரிக்கை வேண்டும். அளவுக்கோலின் கறுப்புத் தரைக்கம்பி 15 சென்டிமீட்டர் நீளம் என்றால் அதற்கே 150 நானோஹென்றி. கோலின் 10 பைக்கோஃபாரடோடு சேர்ந்து 130 மெகாஹெர்ட்சில் அது தானே பாடும். அந்தப் பாட்டைச் சுற்றின் குற்றமாக எழுதிவைத்த செய்முறைக் குறிப்பேடுகளுக்கு நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மறுபுறம், நம் கூடங்களில் சாதாரணமாக உள்ள 30 மெகாஹெர்ட்சு கருவி 12 நானோ வினாடிக்குக் குறைந்த எழுச்சியைக் காட்டாது. 3 நானோ வினாடிக் குதிப்பை மழுக்கிச் சிறியதாக்கிவிடும். ஒன்று இல்லாததைக் காட்டுகிறது; மற்றது இருப்பதை மறைக்கிறது. தரைக்கம்பியைக் கழற்றிவிட்டுக் கோலின் நுனியருகே ஒரு குறுங்கம்பியைச் சுற்றி அதை நேரே தரைக்காலில் தொடச் செய்வதே சரியான முறை.

அந்த மாணவியின் மதிப்பெண் மாறவில்லை. அவள் தன் சுற்றுப்படத்தை மறுபடி வரைந்து என்னிடம் தந்தாள். மூலையில் வரிசையாக இருந்த நான்கு மின்தேக்கிகள் அதில் இல்லை. ஒவ்வொன்றும் அதனதன் சில்லின் பக்கத்தில் வரையப்பட்டிருந்தது; 'காலிலிருந்து 5 மில்லிமீட்டருக்குள்' என்று சிறிய எழுத்தில் குறிப்பு. ஒளிக்காட்டியின் தரைக்கம்பியைச் சிவப்பு மையில் தனியாக இழுத்து, அது அளவெடுக்கும் தரையோடு சேரும் ஒரே புள்ளியை வட்டமிட்டிருந்தாள்.